நான்காம் பிரிவில் ஒரே ஒரு சொல்லை மாற்றக் கோரி மாப்பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பேரவைக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து உங்கள் மாமனார் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அவ்விடம் நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த ஆண்டு குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. வடக்கில் இருக்கிற நமக்கு இது ஒரு செய்தியே இல்லை என்றாலும், குளிரைப் பற்றி இரண்டு வரி இல்லாத கடிதம் மரியாதையாக இருக்காது என்பதால் எழுதினேன். சுற்றுச்சூழல் துறையில் உட்கார்ந்து நீங்கள் எழுதிக் கொடுத்த 'பொதுச் செலவு மற்றும் சுற்றுச்சூழல் பொறுப்பு மசோதா' சென்ற வியாழக்கிழமை எங்கள் பேரவையில் நிறைவேறியதற்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். வாழ்த்து முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன், தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பு. உங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது, பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று உங்கள் வீட்டில் கேட்டார்கள். 'பேரவைச் செயலகத்தில் வெப்பநிலைப் பொறுப்பு அதிகாரி' என்று என் மச்சான் சொல்லிவைத்தார். அதில் முழுப் பொய் என்று ஒன்றும் இல்லை. பேரவை உண்டு, வெப்பநிலை உண்டு, பொறுப்பும் நிறைய உண்டு. அதிகாரிதான் இல்லை. நான் பேரவையின் நிலக்கரி உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவன், மாப்பிள்ளை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். கல்யாணத்தன்று என் விரல் நுனிகளைப் பார்த்து, "என்ன மாமா, மையா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "கையெழுத்துப் போட்டுப் போட்டு இப்படி ஆயிடுச்சு" என்றேன். அது மூன்று நாள் எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகாத கரி. என் மகளுக்கு இதெல்லாம் தெரியும். அப்பாவின் மானம் போகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அதிகாரி இல்லை என்பதற்காக என்னைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இந்தப் பிராந்தியத்தை ஆளுவது யார் என்று கேட்டால் ஊரில் நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உலையின் சூடு ஒரு பெரிய குழாய் வழியாக மேலே சபைக்குப் போகிறது. பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் எதிர்க்கட்சித் தலைவருக்குக் கோபம் வரும். இருபத்து நான்கைத் தாண்டினால் நிதியமைச்சருக்குக் கண் செருகும். இருபத்தேழில் பொதுப்பணித் துறை மொத்தமும் சாய்ந்துவிடும். சில நாட்கள் காலையில் ஆளுங்கட்சிக் கொறடாவிடமிருந்து ஒரு சீட்டு வரும். 'இன்று இதமாக இருக்கட்டும்' என்று எழுதியிருக்கும். நான் இதமாக்குவேன். ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. அவர்கள் வேலை ஆளுவது, என் வேலை அள்ளுவது. சூடு மேலே போகிற அதே குழாயில் பேச்சு கீழே வரும். ஆனால் குழாயின் வாய் கடைசி வரிசை நாற்காலிகளுக்கு அடியில் இருப்பதால், சபாநாயகர் பேசுவது எனக்கு வெறும் முனகலாகத்தான் கேட்கும். கடைசி வரிசை பேசுவது மட்டும் கணீரென்று கேட்கும். கரி உடுப்போடு சபைக்குள் நுழையக் கூடாது என்று விதி இருப்பதால், இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் மேலே போய்ப் பார்த்ததில்லை. ஆகவே அரசியலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி வரிசைக்குத் தெரிந்தது மட்டும்தான்.

உங்கள் மசோதா வந்தது. நாலு நாள் விவாதம். நம் மாப்பிள்ளை எழுதியதாயிற்றே என்று, கரியை மெதுவாக அள்ளிக்கொண்டு, குழாயில் காதை வைத்து முழுவதும் கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு உறுப்பினர் இருக்கிறார். எந்த மசோதா வந்தாலும் தன் தொகுதிக்குச் சாலை கேட்பார், அதனால் அவருக்குச் சாலைக்காரர் என்றே பெயர். "காத்து சுத்தமாகணும்னா அதுக்குக் காசு செலவழிக்கணுமா? காத்து சும்மாதானே வருது? அந்தக் காசுல எங்க பக்கம் ரெண்டு ரோடு போடலாமே!" என்று அவர் மேசையைத் தட்டினார். இன்னொரு உறுப்பினர் முன்பு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். வகுப்பில் கத்திப் பழகிய குரல் என்பதால் எங்கே நின்று பேசினாலும் உலை வரைக்கும் கேட்கும். "ரோடு போட்டு எங்கே போவீங்க? இருமிக்கிட்டே பக்கத்து ஊருக்கா?" என்று அவர் கேட்டார். நிதியமைச்சர் எழுந்து கடைசி வரிசைப் பக்கமே வந்து நின்று, "செலவும் வேணும், பொறுப்பும் வேணும். ஆனா ரெண்டும் அடுத்த வருஷம் வேணும்" என்றார். கடைசி வரிசை சிரித்தது, நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் அந்த டீச்சர், "ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி நம்ம காலுக்குக் கீழே பாருங்க. நாலாம் பிரிவு என்ன சொல்லுது? முதல்ல இந்தக் கட்டடத்துக்கு அடியில இருக்கிற கரி உலையை மூடணும்னு சொல்லுது" என்றார். அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் கட்டடத்துக்கு அடியில் இன்னொரு உலை இருக்கிறதோ என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். பிறகுதான் மண்வெட்டி கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, மாப்பிள்ளை. மாமனார் வெப்பநிலை அதிகாரி என்று நம்பி நீங்கள் எழுதிய மசோதா அது. எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு குளிர்காலம் இருக்கிறது. அந்த இரண்டையும் என் உலையோடு கழித்துவிட்டு, நானே கடைசி நெருப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் அத்தை உலைக்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வரத் தாமதமானால் "மூத்தாள் விடலையா?" என்று கேட்பாள். மூத்தாளை மூடப்போகிறார்கள் என்று அன்று மாலை சொன்னேன். "அப்படியா?" என்று சொல்லிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சபைக்குள் டீ ஊற்றப் போய்வருகிறவள் என்பதால் அவளிடமே யோசனை கேட்டேன். வாக்கெடுப்பு நாளில் கொறடாவிடமிருந்து சீட்டு வரப்போவதில்லை, உலையை மூடுவதற்கு உலைக்காரனிடமே சூடு கேட்க அவருக்கும் கூச்சமாகத்தானே இருக்கும். சீட்டு வராவிட்டால் என்ன, இந்த ஒரு தடவை என் சொந்த மூளையைக் கொண்டு உலையை ஓட்டுவோம் என்று முடிவுசெய்தேன். மசோதா நிறைவேற வேண்டுமென்றால் யாராவது கை தூக்க வேண்டும். தூங்குகிறவன் எப்படிக் கை தூக்குவான்?

"சபை முழுக்கத் தூங்கிட்டா மசோதா நிறைவேறுமா?" என்று கேட்டேன்.

"தூங்குறவங்க எப்படி நிறைவேத்துவாங்க? நல்லாத் தூங்க வைங்க" என்றாள்.

முப்பது வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்திலேயே எனக்குப் பாதி மூளை மழுங்கிவிட்டது.

வியாழக்கிழமை விடியும்போதே அள்ள ஆரம்பித்தேன். பத்து மணிக்கு இருபத்து நான்கு. மேலே கோட்டு கழற்றும் சத்தம் கேட்டது. பதினொன்றரைக்கு இருபத்தாறு. சாலைக்காரர் பக்கத்து நாற்காலியிடம் "என்னய்யா இது, மாவு அவிக்கிற மாதிரி அவிக்கிறானுங்க" என்றார். அவர் தூங்கிவிட்டாலும் பரவாயில்லை, மற்றவர்கள் தூங்கினால் சரி என்று நினைத்துக்கொண்டு இன்னும் அள்ளினேன். ஒரு மணிக்கு இருபத்தெட்டு. எனக்கே தலை சுற்றியது. உங்கள் அத்தை டீ கொண்டுவந்து கொடுத்து, "கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றாள். கரிக் குவியலில் சாய்ந்தவன் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் சபையின் சூட்டைக் காட்டும் முள் முப்பத்தொன்றில் நிற்கிறது! இருபத்தாறு வருடப் பழக்கத்தில் என் மனசை அறிந்து உலை தானே எரிந்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது. குழாயில் காதை வைத்தேன். முதலில் ஒரு குறட்டை, அப்புறம் இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே இல்லாமல் சபை மொத்தமும் ஒரே மூச்சில் தூங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் குழாய்க்குள் தடதடவென்று ஏதோ உருண்டு வந்து என் முன்னால் விழுந்தது. பார்த்தால் ஒரு ஷூ. வலது கால் ஷூ. குழாயின் வாயில் இருக்க வேண்டிய கம்பி மூடி உடைந்து ஆறு வருடம் ஆகிறது. அதை மாற்றும் செலவு அவசியமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள், குழு இன்னும் ஆராய்கிறது. சூடு தாங்காமல் கடைசி வரிசையில் யாரோ ஷூவைக் கழற்றியிருக்கிறார்கள், அது உதைபட்டு உள்ளே விழுந்திருக்கிறது. பெரிய மனிதருடைய ஷூ, கரியோடு திருப்பிக் கொடுப்பது அழகல்ல என்று உட்கார்ந்து துடைத்தேன். எச்சில் தொட்டுப் பளபளப்பாக்கினேன். மேலே மணி அடித்தது, ஒரு முனகல் கேட்டது, பிறகு ஒரு சின்னக் கைத்தட்டல். நான் ஷூ நாடாவை நேராக்கிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்துச் சபைக் காவலர் சட்டையைப் பிழிந்துகொண்டே இறங்கி வந்தார்.

"அண்ணே, இங்கே ஒரு ஷூ விழுந்துச்சா?"

"இந்தாங்க. மசோதா தள்ளிப்போயிடுச்சா?"

"ஏன் தள்ளிப்போகுது? நிறைவேறிடுச்சு. அம்பத்தொம்பதுக்கு ரெண்டு."

"எல்லாரும் தூங்கிக்கிட்டுல்ல இருந்தாங்க!"

"அதனாலதான் நிறைவேறிச்சு. எதிர்க்கிறவங்க மட்டும்தான் எழுந்து நிக்கணும். உக்காந்திருந்தா சம்மதம். இத்தனை வருஷமா இங்கேயே இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும், மாப்பிள்ளை? பேரவை ஆரம்பித்த காலத்தில் முதல் சபாநாயகருக்கும் முக்கால்வாசி உறுப்பினர்களுக்கும் முழங்கால் வலியாம். சம்மதத்துக்கெல்லாம் எழுந்து நின்றால் கால் என்ன ஆவது என்று இந்த ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முழங்கால்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, வழக்கம் மட்டும் நிற்கிறது. கொறடா இத்தனை வருடமாக 'இதம்' கேட்டு ஏன் சீட்டு அனுப்பினார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எழுந்து நின்ற இரண்டு பேர் யார் என்று கேட்டேன். ஒருவர் ஜன்னலைத் திறக்க எழுந்தாராம், இன்னொருவர் கழிப்பறைக்குக் கிளம்பினாராம். இருவரும் ஆளுங்கட்சி. மசோதாவை எதிர்த்ததற்காக இப்போது அவர்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சாலைக்காரர் மட்டும் கோபத்தில் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என்னுடைய ஒரே நம்பிக்கை. சபாநாயகர் கேட்டதும் எழுந்திருக்கப் போனவர் காலால் ஷூவைத் துழாவினாராம். ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. காலுறையில் ஓட்டை, ஓட்டையில் கட்டைவிரல், மாடத்தில் கேமராவோடு பத்திரிகைக்காரர்கள். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உதவ முடியாதபடி அந்த ஷூவை நான் இங்கே பளபளப்பாக்கிக்கொண்டிருந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் சொந்தக் கரியில் வைத்துக்கொண்டேன். சுற்றுச்சூழலுக்காகச் சபை இப்படி ஒருமித்து அமர்ந்ததைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்று சபாநாயகர் உருகிப் பேசியதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் நீங்கள் போன் செய்து, "மாமா, ஒருத்தர்கூடச் சண்டை போடலையாமே!" என்றீர்கள். "ஆமாம், ரொம்ப அமைதியா நடந்தது" என்றேன்.

சபையில் பதினைந்து வருடமாக டீ ஊற்றுகிற உங்கள் அத்தைக்கே இந்த விதி தெரியவில்லை என்றால், உலைக்குள் கிடக்கிற என்னைக் குறை சொல்லி என்ன பயன்? அவளிடம் கேட்டேன். "நான் டீயைப் பார்ப்பேனா, யாரு நிக்கிறா, யாரு உக்காந்திருக்கான்னு பார்ப்பேனா?" என்றாள். நியாயம்தான்.

இப்போது வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மசோதா இன்னும் விதிகள் எழுதுவதற்காக உங்கள் மேசையில்தான் இருக்கிறது என்று மகள் சொன்னாள். நான்காம் பிரிவில் 'முதலில் பேரவைக் கட்டடத்தில்' என்று இருக்கிறது. அதை 'இறுதியில் பேரவைக் கட்டடத்தில்' என்று ஆக்கிவிடுங்கள். ஒரே ஒரு சொல். அதற்குக் கீழே ஒரு உட்பிரிவு இருக்கிறது, 'உலைப் பணியில் இருபத்தைந்து ஆண்டு நிறைந்தவருக்கு மாடியில், ஜன்னல் உள்ள அறையில், அமர்ந்து செய்யும் வேலை தரப்படும்' என்று. அதையும் அடித்துவிடலாம். சட்டத்தில் போய் ஜன்னல் எழுதுவார்களா? உங்கள் இலாகாவில் எந்தக் கத்துக்குட்டி இதை எழுதினான் என்று விசாரியுங்கள். உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? வெளியே பார்த்து மேகம் எண்ணுவேனா? அந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டால் நான் யாரென்று எனக்கே தெரியவில்லை, மாப்பிள்ளை. பொறுப்பு, செலவு, சுத்தமான காற்று எல்லாம் நியாயம்தான், நானும் நாலு நாள் கேட்டேன். டீச்சர் சொன்னதில் ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. இரண்டு குளிர்காலம் மட்டும்தான் கேட்கிறேன். மாற்ற முடியாது என்றால், வரும் திங்கட்கிழமை நேராகச் சபாநாயகரிடம் போய், வாக்கெடுப்பு நடத்தியது சபை அல்ல, என் உலைதான் என்று ஒப்புக்கொண்டுவிடுவேன். வாக்கெடுப்பு ரத்தாகும். உங்கள் மசோதாவும் போகும். மாமனாரே இப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். செய்யக் கூடாதுதான், அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் குளிர் எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும். நீங்களும் என் மகளும் நூறு வருடம் ஒற்றுமையாக வாழுங்கள். உங்கள் பேனா நான்காம் பிரிவின் பக்கம் ஒருமுறை திரும்பட்டும்.

என்றும் அன்புள்ள மாமனார்,
வெப்பநிலைப் பொறுப்பு (அதிகாரி அல்ல)

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை. ஒட்டித் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன்.

உலை தானே எரிந்ததாம். கரி என்ன கால் முளைத்து நடந்து போய் உள்ளே விழுமா? அவர் தூங்கின நேரம் முழுக்க அள்ளிப் போட்டது நான். எனக்கு இன்னும் தோளைத் தூக்க முடியவில்லை. உட்கார்ந்தால் சம்மதம் என்பது அந்தச் சபையின் டீ கோப்பைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியாதா? கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்பே நீங்கள் வந்து உலையறை வாசலில் நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போனீர்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த மன்னிப்பை எழுத அவர் ஒரு வாரம் கஷ்டப்பட்டார், அதை நீங்கள் புதிதாகக் கேட்டதுபோலவே இருக்கட்டும்.

இத்தனை பக்கம் எழுதியவர் தன் இருமலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாரா பாருங்கள். டாக்டர் கொடுத்த சீட்டை உலையில் போட்டுவிட்டு எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு குளிர்காலம் அந்த அறையில் இருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னதை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும்தான் கேட்டேன். போன கோடையில் உங்களிடம் அழுதேனே, "நேரா சொன்னா மாமா கேப்பாரா அத்தை?" என்று கேட்டீர்கள். நான் சொன்னாலும் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னாலும் கேட்கமாட்டார், சர்க்கார் சொன்னால் ஒருவேளை கேட்பார் என்று ஏதோ துக்கத்தில் சொன்னேன். நீங்கள் அதையே பிடித்துக்கொண்டு, ஒரு மனுஷனை மாடிப்படி ஏற்ற ஒரு சட்டமே எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஜன்னல் கேட்டது மட்டும் நான்தான். கத்துக்குட்டி என்று அவர் எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காம் பிரிவில் ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். சபாநாயகரிடம் அவர் போகமாட்டார். கரி உடுப்போடு மேலே போகக் கூடாது என்ற விதியை ஒருநாளும் மீறாதவர், அவரிடம் வேறு நல்ல உடுப்பும் இல்லை. இருந்த ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பதில் மட்டும் உடனே எழுதுங்கள். அந்த ஒரு சொல்லை மாற்ற ரொம்பப் பாடுபட்டதாகவும், மேலிடத்தில் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் எழுதுங்கள். கொஞ்சம் வருத்தமாகவே எழுதுங்கள். மாமாவைப் போல உலையைப் பார்த்துக்கொள்ள இனி ஒருவர் பிறக்கப்போவதில்லை என்று எல்லோரும் சொன்னதாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பொய்யும் இல்லை.